இரண்டாவது ஓட்டு

என் தங்கை இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலுக்கு மூன்று முறை தேர்தலில் நின்றாள். மூன்றையும் நான் துபாயில், தேராவில், எங்கள் மசாலாக் கடைக்கு மேல்மாடியில் உள்ள பிளாட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறுவதற்கு முன்பே கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். அப்புறம் ஊரில் தேர்தல் வந்தபோதெல்லாம் கடையை விட்டுப் போக முடிந்ததில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கை சொன்னதுதான்.

அவள் இருப்பது ஒரு சிறு டவுன். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி தருவது, பிள்ளைகள் விளையாடும் இடங்களைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் கவுன்சிலின் வேலை. வார்டு வார்டாகப் பிரித்து ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கையின் வார்டில் ஒரே பண்ணைக்காரர்தான் காலம் காலமாகக் கவுன்சிலராக இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார். எதிர்த்து யாரும் நிற்காததால் பல முறை ஓட்டுப்பதிவே நடக்கவில்லையாம்.

தங்கை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் வேலை பார்த்தாள். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு டீச்சர், "உன் பேரை மட்டும் கொடு, ஓட்டுச் சீட்டில் இன்னொரு பேர் இருக்கட்டும்" என்று கேட்டிருக்கிறார். அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஜெயிக்க முடியாத வார்டில் பெயருக்கு ஒருவரை நிறுத்துவார்கள். அவர் வீட்டிலேயே இருந்துகொள்வார். வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்பதைத் தங்கையிடம் யாரும் சொல்லவில்லை. தேர்தலில் நின்றால் வீடு வீடாகப் போகவேண்டும் என்றுதான் நம் ஊரில் பிறந்தவளுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கணவரை மச்சான் என்றுதான் சொல்வோம். அவளுடைய மச்சான் கார் ஓட்ட, இவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

என்னைப் போலவே கூச்சக்காரி அவள். ஊரில் இருந்தபோது வீட்டுக்கு ஆண்கள் வந்தால் இரண்டு பேரும் உள்ளறைக்கு ஓடிவிடுவோம். அவள்தான் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்கிறாள் என்றால் என்னால் நம்பமுடியவில்லை.

"லாத்தா, இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு," என்றாள் ஒருநாள். "ஒரு பெரிய பண்ணை வீடு. கதவைத் திறந்தது வயசான மனுஷர். பாடம் பண்ணி வச்சதை அப்படியே ஒப்பிச்சேன். இந்த வார்டுக்குப் புதுசா ஒரு ஆள் வேணும், எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு."

"என்ன சொன்னாக?"

"என் ஓட்டை ஏற்கனவே ஒருத்தருக்குக் கொடுத்திட்டேனே அம்மான்னாரு. யாருக்குன்னு கேட்டேன். எனக்கேதான்னு சிரிக்கிறாரு!"

"அல்லாஹ்வே! அவரு வீட்டுக்கேவா போனே?"

"வெளியில மழை. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாரு. மச்சான் வேற வெட்கமே இல்லாம ரெண்டு கப் குடிச்சாக."

அந்தத் தேர்தலில் அவள்தான் கடைசி. அடுத்ததில் நன்றாக ஏறிவந்து, இங்கே தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஒரு கேம்ப் பஸ்ஸில் ஏறக்கூடிய அளவு ஆட்கள் வித்தியாசத்தில்தான் தோற்றாள். அன்றைக்கு அழுதாள். இவ்வளவு ஆசை வைத்திருந்தாளா என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு அவளுடைய மச்சான் மவுத்தாகி, அவள் தனியாளாகிவிட்டாள். அவளுக்கு ஒரே மகன், கத்தாரில் ராஸ் லஃபானில் இன்ஜினியர். இங்கிலாந்தில் தனியாக இருக்க வேண்டாம், தோஹாவுக்கு வந்துவிடுங்கள் என்று அவன் நச்சரித்தான். மூன்றாவது தேர்தல் வந்தபோது அவள் மகனிடமும் என்னிடமும் ஒரே சொல்லாகச் சொன்னாள்.

"இந்தத் தடவை நின்னு பார்க்கிறேன். ஜெயிச்சா இங்கேயே இருப்பேன். தோத்தா வீட்டை வித்திட்டு வந்திடுறேன்."

தோஹாவிலிருந்து துபாய்க்கு ஒரு மணி நேர ஃபிளைட். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடலோரத்தில் இருந்ததே இல்லை. அவள் தோற்றால் எனக்குக் கிடைப்பாள். தொழுதுவிட்டுக் கையேந்தினால் என்ன கேட்பது என்று தெரியாமல், "அவளுக்கு நல்லதைச் செய்" என்று மட்டும் கேட்டு எழுந்துவிடுவேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்கே ஒரு முடிவு இல்லை.

அந்த நேரத்தில் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்திருந்தார்கள். இரண்டு சிறு வார்டுகளை ஒன்றாக்கி, அதற்கு இரண்டு கவுன்சிலர்கள் என்று வைத்துவிட்டார்கள். அதனால் அங்கே இனி ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஆனால் கோடு போட்டவர்கள் தங்கை வீட்டு ரோட்டின் நடுவிலேயே போட்டிருந்தார்கள். அவள் வீடு பக்கத்து வார்டுக்குப் போய்விட்டது. எதிர்ச்சாரி அவள் நிற்கும் வார்டு.

"அப்ப உன் ஓட்டு?"

"எனக்கே நான் போட முடியாது லாத்தா!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு ஓட்டு போச்சு" என்றாள்.

அவள் குரல் என்னை என்னவோ செய்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இங்கே ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மவுத்துச் செய்தி, கல்யாணச் செய்தி, ஊருக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுப்பது எல்லாம் அதில்தான். வேலையா, வீடா, மருந்தா, எது வேண்டுமென்றாலும் குழுவில் ஒரு வார்த்தை போட்டால் யாராவது கிடைப்பார்கள். நான் அதில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மசாலாக் கடை வீட்டுல இருந்து பேசுறேன். என் தங்கச்சி லண்டன் பக்கம் எலெக்‌ஷன்ல நிக்கிறா. உங்க சொந்தக்காரங்க அங்கே யாராச்சும் இருந்தா அவளுக்கு ஓட்டுப் போடச் சொல்லுங்க."

வார்டின் பெயரைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாலை அஸர் தொழுகை நேரத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. "என் மருமகன் குராய்டன்ல இருக்கான், குடும்பத்தோட போடச் சொல்லிட்டேன்." "லெஸ்டர்ல எங்க சின்னம்மா வீட்டுல எல்லா ஓட்டும் உங்களுக்குத்தான்." ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து உறுதி வாங்கிக் கொடுத்தார். சந்தோஷமாகத் தங்கைக்குச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

"லாத்தா, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நானே போட முடியலை. ஸ்காட்லாந்துலேருந்து எப்படிப் போடுவாங்க?"

குழுவில் ஒருவரின் மகன் மட்டும் அதே டவுனில் இருந்தான். விசாரித்தால் அவன் வீடும் தங்கையின் சாரியில்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு மூதாட்டி தன்னிடம் சொன்னதைத் தங்கை சொன்னாள். "என் முதல் ஓட்டு எப்பவும் அந்தப் பண்ணைக்காரருக்குத்தான், அதை மாத்தமாட்டேன். ரெண்டாவதை என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன், உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு ரெண்டாவதே போதும்ங்க, அப்படின்னேன்."

அந்த வார்டில் எண்ணிக்கை தேர்தலுக்கு மறுநாள் பகலில். எங்களுக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஒரு விளையாட்டு மண்டபத்தில் மேசைகள் போட்டு எண்ணுகிறார்கள், வேட்பாளர்கள் நின்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது போனில் அவள் குரல் வந்தது.

"தோத்திட்டேன் லாத்தா. அவுங்க கட்சிக் கட்டுதான் மலையாட்டம் இருக்கு. பண்ணைக்காரரு, அவரு கட்சியில புதுசா நிக்கிற ஒரு பையன், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டதுதான் எல்லாம். என் கட்டு இத்தனூண்டு. என் புள்ளைக்கிட்ட டிக்கெட் பார்க்கச் சொல்லுங்க."

அவளைத் தேற்ற என்னவெல்லாமோ சொன்னேன். போனை வைத்ததும் இவரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோத்திட்டாங்கிறே, உன் முகத்தைப் பார்த்தா பெருநாள் மாதிரி இருக்கு" என்றார்.

"அவ தோஹாவுக்கு வந்திடுவா மச்சான்."

"அது சரி. வந்தா உனக்கும் பேச ஆள். பாவம், எனக்கும் காது மிச்சம்."

நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். வியாழக்கிழமை வந்தால் சனிக்கிழமை வரை தங்கலாம். அவளுக்கு எந்தக் கட்டில், எந்தப் போர்வை என்று எடுத்து வைத்தேன். அப்ரா படகில் ஏறி இரண்டு பேரும் அந்தக் கரைக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். அவள் பயப்படுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

போர்வை மடியில் இருக்கும்போதே மறுபடி அழைத்தாள். ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கினாள்.

"என்னடி? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"லாத்தா, அது முடிவு இல்லையாம். ஒரே கட்சிக்கு ரெண்டு ஓட்டும் போட்ட சீட்டைத்தான் முதல்ல கட்டுக் கட்டினாங்க. கட்சி மாத்தி மாத்திப் போட்ட சீட்டெல்லாம் தனியா ஒரு மேசையில கிடந்துச்சு. எனக்குத் தெரியலை, இதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானே. அதை ஒவ்வொண்ணா வாசிச்சு எழுதினாங்க. அவரு, நான். அவரு, நான். வரிசையா அப்படியே வருது லாத்தா."

"அப்படின்னா?"

"அவரு முதல்ல. நான் ரெண்டாவது. ரெண்டு பேரும் உள்ளே."

பலரும் முதல் ஓட்டை வழக்கம்போல் அவருக்குப் போட்டுவிட்டு, இரண்டாவதை இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பண்ணைக்காரர்தான் முதலில் வந்து கை கொடுத்தாராம்.

"மாஷா அல்லாஹ்" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

"லாத்தா, நான் வரலைன்னு வருத்தமா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "ஆனா நீ ஜெயிச்சது அதைவிடப் பெருசா இருக்கு."

இரண்டு பேரும் அழுதோம். அறை வாசலில் நின்ற இவர், தோற்றதற்கும் அழுகை, ஜெயித்ததற்கும் அழுகையா என்று முனகிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் நாங்கள் பேசும்போது பாதியில் அவள் வீட்டுப் போன் அடிக்கும். "ஒரு நிமிஷம் இருங்க லாத்தா, வார்டுக்காரங்க" என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். யாருடைய குப்பைத் தொட்டியையோ எடுக்காமல் விட்டுவிட்டார்கள். யாருடைய வேலியோ சாய்ந்துவிட்டது. அவள் இங்கிலீஷில் நிதானமாகப் பதில் சொல்லுவது எனக்குக் கேட்கும். பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. அந்தக் குரலில் கூச்சமே இல்லை. இவர் கீழேயிருந்து சாப்பாட்டுக்குக் குரல் கொடுப்பார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பேன்.