விழ மறுத்த காமன்

பொய் சொல்வதென்றால் பிரியந்திக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அவள் புருசன் சதீஸ்குமார் வெளிநாட்டில் ஒரு பட்டாள முகாமில் சமையல்காரன். அங்கே சண்டை நடக்கிறது. வட்டகொடைக்கு மேலே இருக்கிற அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. ஹோட்டல் வேலை என்றே சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் டமார் என்று கேட்டது. பக்கத்து வீட்டு செல்லசாமி திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அங்க ஏதோ கல்யாணம் போல அண்ணே, வெடி கொளுத்துறாங்க" என்றாள், முகம் மாறாமல். அப்புறம் மலைக்குப் போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு அழுதாள்.

மாசி வந்தது. தோட்டத்தில் காமன் கூத்து. களத்தில் கம்பம் நட்டு, சிவன் காமனை எரிக்கிற கதையை விடிய விடிய ஆடி, கடைசியில் கம்பத்தைக் கொளுத்துவார்கள். மூன்று மாசிக்குக் காமன் வேசம் கட்டுவதாக சதீஸ்குமார் நேர்ந்திருந்தான். ஒன்று பாக்கி. பாக்கி வைத்தால் சாமி அவனைக் கைவிட்டுவிடும் என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம். கூத்து வாத்தியார் அழகுமுத்துவோ ஒரே பிடியாக நின்றார்.

"அந்த வீட்டு ஆம்பளதான் கட்டணும். அவென் தம்பிய வரச் சொல்லு."

தம்பி கிஷாந்துக்குக் கொழும்புக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "கிஷாந்த் வந்துட்டான் வாத்தியாரே, வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளுக்கே இருக்கான்" என்று ஒரு போடு போட்டாள். காமனுக்கு வாத்தியாரே பாடிவிடுவார், ஆடினால் போதும். புருசன் அடுப்படியில் ஆடிப் பழகியதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகம் நிறையச் சாயம், தலையில் கிரீடம், கையில் கரும்பு வில் என்று களத்தில் இறங்கிவிட்டாள்.

"அண்ணன விட நல்லா ஆடுறானே!" என்று சனம் விசிலடித்தது. ரதி வேசத்தில் சேலை கட்டி ஜோடியாக ஆடிய செல்லசாமிக்கே சந்தேகம் வரவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். கயிற்றில் தீ சீறிக்கொண்டு வந்தது. அதோடு காமன் செத்து விழ வேண்டும், ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். காமன் விழவில்லை.

"விழுடா கிஷாந்து" என்று பல்லைக் கடித்தார் அழகுமுத்து.

"விழ மாட்டேன்."

பொம்பளைக் குரல். மேளம் நின்றுவிட்டது.

"அடிப்பாவி, பிரியந்தியா!" என்று அலறினார் அழகுமுத்து.

"ஆமாங்க. இது எம் புருசன் வேசம். அவரு சண்ட நடக்குற ஊர்ல பட்டாளத்துக்குச் சோறாக்கிக்கிட்டு இருக்காரு. அவரு வேசத்தக் கட்டிக்கிட்டு நா எப்புடிங்க சாகுறது?"

செல்லசாமி முந்தானையைப் பிடித்துக்கொண்டு முழித்தார். "அப்ப நா யாருக்கு அழுறது?"

"அழாதீங்கண்ணே. போயி டீயக் குடிங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அழகுமுத்து சிரிக்கவில்லை. கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இந்தா பாரு புள்ள, விழுந்தாத்தான் நேத்திக்கடன் தீரும். மூணாம் நாளு காமன எழுப்பிருவோம்ல? அதுக்கு நா பொறுப்பு."

"இங்க நீங்க பொறுப்பு. அங்க அவரு விழுந்தா யாருங்க பொறுப்பு?"

எத்தனையோ பாட்டு தெரிந்த வாத்தியார் தலையைச் சொறிந்தார். "கம்பத்துக்கு மட்டும் தீய வையுங்கடா" என்றார். "நேத்தி தீந்துருச்சுன்னு சாமிகிட்ட நா சொல்லிக்கிறேன்."

அதுவரை விறைப்பாக நின்ற பிரியந்தி அப்போதுதான் உடைந்தாள். அந்த வருசம் அந்தத் தோட்டத்தில் அழுதது காமன். ரதி பக்கத்தில் நின்று, சேலை முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.