சராசரிக்குள் அடங்காத உடம்புகள்

ஆய்வுக்கூடத்தில் அவளை அலைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மணிக்கட்டுப் பட்டைகள் பதிவு செய்யும் உடல்சூட்டிலும் நாடித்துடிப்பிலும் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. பிடிவாதக்காரி. ஒரு புள்ளி கோணலாக விழுந்தாலும் அந்த ஆளைக் கூப்பிட்டு, "குளிக்கறப்போ பட்டையைக் கழட்டினீங்களா?" என்று கேட்டால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

இந்த முறை பட்டை கட்டியவர்கள் கண்ணாடிப் புட்டி ஆலைத் தொழிலாளர்கள். வாராவாரம் ஷிஃப்ட் மாறும் முறையை நிர்வாகம் ஒரு பிரிவில் சோதித்துக்கொண்டிருந்தது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டால் ஆலை முழுவதற்கும் அதே முறைதான். அந்தப் பிரிவில் அலைக்காரியின் அக்காவும் இருந்தாள். அதை ஆய்வு தொடங்கும்போதே அலைக்காரி ஆய்வுக்கூடத் தலைவரிடம் சொல்லியிருந்தாள்.

தலைவர் அறிக்கையை எழுதி அவள் கையெழுத்துக்கு அனுப்பினார். எல்லாருடைய சூட்டையும் மணிவாரியாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தார். கோடு இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஏற்ற இறக்கம் இல்லை, ஆகவே பாதிப்பும் இல்லை என்று முடித்திருந்தார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள்: "சராசரியில உங்க உடம்பெல்லாம் நேர்கோடுக்கா."

"நேர்கோடுன்னா ஆஸ்பத்திரியில ஆள் காலின்னுதானேடி அர்த்தம்? பட்டப்பகல்ல படுத்தா பொட்டுத் தூக்கம் வரல. வேலைக்குப் போனா நின்னுக்கிட்டே கண்ணு சொருகுது. செத்தவளுக்கு இவ்வளவு தொல்லையா இருக்கும்?"

மறுநாள் காலை தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், ஆளுக்கொரு ஷிஃப்ட்டுல இருக்கறதால ஒருத்தரோட மேடு இன்னொருத்தரோட பள்ளத்துல விழுந்து நிரவிடுச்சு. தனித்தனியாப் பாருங்க. எல்லாருக்கும் அலை இருக்கு. புது ஷிஃப்ட்டைப் பிடிக்க அது நகருது. பிடிக்கறதுக்குள்ள நாம ஷிஃப்ட்டை மாத்திடறோம்."

"நிர்வாகம் இன்னிக்கு வருதும்மா. இப்பப் போய்க் கிளறாதே. அக்கா அங்க இருக்காங்கன்னுதானே இவ்வளவு துள்ளறே?"

"அக்கா பதிவைத் தூக்கிப் போட்டுடுங்க. மத்தவங்க பதிவும் இதையேதான் சொல்லுது."

"கையெழுத்துப் போடலைன்னா ஆய்விலேர்ந்தே உன்னை எடுத்துடுவேன்."

"எடுங்க. அந்தக் கோட்டுக்கு அடியில என் பேர் மட்டும் வராது."

மாலைக் கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. ஆலை மேலாளர் தேநீரை வாயில் வைக்கும் நேரத்தில் மடிக்கணினியோடு உள்ளே நுழைந்து, தலைவர் காட்டிக்கொண்டிருந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே தன் வரைபடங்களையும் சுவரில் விழவைத்தாள். பெயர் இல்லாத அலைகள், வரிசை வரிசையாக.

"இது யாரோடது?" என்றார் மேலாளர்.

"சொல்லமாட்டேன். நீங்களே எதை வேணா எடுங்க."

அவர் ஒன்றைக் காட்டினார். அலை வாரத்துக்கு வாரம் வழுக்கிப் போயிருந்தது. இன்னொன்றைக் காட்டினார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதைக் காட்டப் போன விரலை மடக்கிக்கொண்டு தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் அந்த அலைகளையும் தன் தட்டைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அறிக்கை இன்னிக்கு இல்லை," என்றார் கடைசியில்.

மேலாளர் முகம் சுளித்துக் கிளம்பிப் போனார்.

"உன்னை என்ன பண்றதுன்னே தெரியல," என்றார் தலைவர்.

"அதை அப்புறம் யோசிக்கலாம் சார். முதல்ல இந்தக் கோட்டை அழிங்க."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் அழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.