சாமி அறையின் ஊதா வெளிச்சம்

"நாளைக்கு ஊட்டுக்குப் போலாமுங்க அக்கா" என்று நர்ஸ் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். எதிர்க்கட்டில் அம்மா, "குடுத்துவெச்சவீங்க" என்று வேறு சொன்னார். எனக்கோ வீடு என்ற வார்த்தையே பயமாக இருந்தது.

முதலில் வந்தது வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு பெருத்துவிட்டது என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன். குழம்பு தாளிக்கக்கூட நிற்க முடியாமல் போனபோது கிண்டல் நின்றது. ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டொரு நாளில் தெளிந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் பழையபடி இழுக்கும்.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து மருத்துவர் ஒரு பெயர் சொன்னார். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (மூச்சில் போகும் ஏதோ ஒரு தூசியை உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டு, சண்டையில் நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்வது). எந்தத் தூசி என்று கண்டுபிடித்து விலக்கினால் பாதி வைத்தியம் முடிந்தது என்றார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. பொறுமையாகக் கேட்டார்.

"ஊட்ல புறா, லவ் பேர்ட்ஸ் ஏதாவது வளத்தறீங்களா?"

"இல்லீங்க" என்றார் என் கணவர்.

"பஞ்சு மில்லுல வேலை செஞ்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

கேள்வி எனக்கு, பதில் அவரிடமிருந்து. நான் வாயைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தார்.

எங்களுக்குக் கோயமுத்தூர் கணபதியில் வீடு. கீழே அவருடைய மோட்டார் காயில் கட்டும் பட்டறை, மேலே நாங்கள். பட்டறையில் வேலை குறைந்த பிறகு, மகள் கல்யாணமாகிப் போய்க் காலியாகக் கிடந்த அறையில் ஊதா விளக்குகளை மாட்டினார். மூலிகைச் செடி, மருந்துக் கம்பெனிக்குப் போகிறது என்றார். இலையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சா. வாயைத் திறந்தால் அவர் ஜெயிலுக்குப் போவார், மகளின் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறையில் பகலை டைமர்தான் தீர்மானித்தது. விளக்கு அணையும்போது கேட்கும் சின்ன 'டிக்' சத்தத்துக்காக நான் காத்திருப்பேன். அதன் பிறகுதான் அவர் கொஞ்சம் ஓய்வார். வாசம் வெளியே போய்விடும் என்று அந்தப் பக்க ஜன்னல்களைத் திறப்பதில்லை. போதாததற்கு வீடு முழுக்கச் சாம்பிராணி. வெளியே கோயமுத்தூர்க் காற்று சும்மா வீசிக்கொண்டிருக்கும். நான் உள்ளே ஒரு வாய் மூச்சுக்குக் கிடந்து தவிப்பேன்.

எங்கள் பக்கம் ஒருவர் படுத்துவிட்டால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சொந்தபந்தம் எல்லாம் பார்க்க வரும். வீட்டுக்குள் யாரையும் விட முடியாதே. "தொத்திக்கிற வியாதிங்க, டாக்டர் யாரும் வர வேண்டான்னுட்டாருங்க" என்று என் கணவர் போனில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எனக்கு டி.பி. என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்ற மகளே முகத்தில் மாஸ்க்கோடு பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுத அழுகையை இப்போது எழுத முடியவில்லை.

பூஞ்சை எங்காவது இருக்கிறதா பார்க்கலாம், வீட்டைப் போட்டோ எடுத்து வாருங்கள் என்றார் மருத்துவர். என் கணவர் அந்த அறையை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்தார். ஆனால் ஒரு படத்தில், நடையின் கோடியில், மூடிய கதவுக்கு அடியில் ஊதாவாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"இது என்ன ரூமுங்க?"

"சாமி ரூமுங்க. சீரியல் லைட் போட்டிருக்குதுங்க" என்றார், கண்ணைச் சிமிட்டாமல்.

"சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாம் போடுவீங்களா? அதாத்தான் இருக்கும். உடனே நிறுத்தீருங்க."

சாம்பிராணி நின்றது. அதன் வாசத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த செடியின் வாசம் வெளியே வந்தது. அதனால் வீட்டில் மிச்சமிருந்த ஜன்னல் சந்துகளையும் டேப் போட்டு ஒட்டினார். சமையல்கட்டு மூலையில் இருந்த என் நிஜமான சாமி மாடத்தில் விளக்கேற்றவும் விடவில்லை. அந்த வீட்டில் எனக்கும் சாமிக்கும் ஒரே கதி.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கேட்கவில்லை என்றும், ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போவது) தொடங்கிவிட்டது என்றும் மருத்துவர் சொன்னார். "சாம்பிராணி நிறுத்துனீங்கல்ல?"

"சாமி கும்புடறதையே நிறுத்திப்போட்டோமுங்க" என்றார் இவர்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது சாமி ரூம் இல்லீங்க டாக்டர். லைட் போட்டு கஞ்சாச் செடி வளத்தறாருங்க."

மருத்துவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். "போலீஸ் வேலை என்னோடது இல்லீங்க. ஆனா செடி ஈரத்துல பூஞ்சை புடிச்சிருக்கிற அந்த ரூமைக் காலி பண்ணிக் கழுவற வரைக்கும் இவங்கள அந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டேனுங்க."

வெளியே பெஞ்சில் என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "முந்தியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல அம்மணி?" என்றார்.

"சொல்றதுக்கு மூச்சு எங்கீங்க இருந்துச்சு?"

அவர் என்னை வார்டில் விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் செடிகளைப் பிடுங்கினார். அவற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. டேப்பைக் கிழித்து, சுவரைக் கழுவி, ஜன்னலைத் திறந்து போட்டோ அனுப்பினார்.

உங்களுக்கும் ஆஸ்பத்திரியில் தெளிந்து வீட்டில் மோசமானால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். நான் பிந்திவிட்டேன். தழும்பேறிய நுரையீரல் பழையபடி திரும்பவில்லை. இப்போது ஹாலில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பெட்டி) ஓடுகிறது. அதன் குழாய் வாசற்படி வரை எட்டும், அதற்கு மேல் எட்டாது. டைமருக்குக் காத்திருந்தவள் இப்போது அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மனைவி, நங்கை என்று கூப்பிடுவோம், பெருந்துறையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு என்னைப் பார்க்க வந்தார். எங்கள் ஊரில் வந்தவர்களை மொத்தமாக வரவேற்றால் மரியாதை இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். இப்போது ஒரு 'வாங்க'வுக்கு ஒரு மூச்சு.

நான் திணறுவதைப் பார்த்து, எனக்குப் பதிலாகச் சொல்ல என் கணவர் முன்னால் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். நங்கைக்குப் புரிந்துவிட்டது. "கொஞ்சம் இருங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று பின்னால் வந்தவர்களைப் படியிலேயே நிறுத்தினார்.

"வாங்க" என்றேன். மூச்சை இழுத்துக்கொண்டேன். அடுத்தவர் படியேறினார்.