வாய் திறந்த பூட்ஸ்

அந்தக் காலத்து நாடக, சினிமா சிரிப்பு நடிகர்கள் கையெழுத்துப் போட்ட பொருள்களைச் சேர்ப்பது என் பைத்தியம். வழுக்கைத் தலை நடிகர் ஒருவர் கையெழுத்திட்ட சீப்புகூட என்னிடம் உண்டு. ஆனால் ஆம்பூரில் என் அலமாரிக்கே ராஜா, ஒரு ஒற்றை பூட்ஸ்தான். முன்பக்கம் பிளந்திருக்கும், நடந்தால் வாய் திறந்து மூடும். அந்த வாயை வைத்தே ஒருவர் மேடையில் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார். அவருக்கு ஒப்பனை போட்டவரின் மகன் வேலூரில் எனக்குக் கொடுத்தது. மேல்தோலில் நீல மையில் கையெழுத்து.

ராணிப்பேட்டையில் இதே பைத்தியம் பிடித்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பூட்ஸில் இருக்கும் கையெழுத்தை நானே போட்டுக்கொண்டதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் வந்து பாருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். பூட்ஸை ஹால் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, அவரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

என் மனைவிக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. கல்யாண வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்துத் தையலில் குறை சொல்வாள். வீட்டிலும் தோல் துடைக்கும் கிளீனர், ஒட்டும் சொல்யூஷன் எல்லாம் வைத்திருப்பாள். என் அலமாரியைத்தான் குப்பை என்று எட்டிப் பார்த்ததே இல்லை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பூட்ஸ் பளபளத்தது. பிளந்த வாயைச் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருந்தாள். கையெழுத்தைக் காணோம்.

"இன்னாங்க, ஆளு வர்ற நேரத்துல கிழிஞ்ச பூட்ஸ மேசை மேல வெச்சிட்டுப் போய்ட்டீங்க? மைக்கறை வேற. தொடச்சி எடுத்துட்டேன்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேரன் எடுத்த வயதில் ஒரு பூட்ஸைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அவள் பதறிப்போய்ப் பேனாவோடு வந்தாள். என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் அதே இடத்தில் எழுதித் தருவதாகச் சொன்னாள். அழுகை இன்னும் ஜாஸ்தியானது.

வாத்தியார் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார்.

"இப்ப நம்பறேன் சார். நீங்களே போட்ட கையெழுத்தா இருந்தா, இன்னொருவாட்டி போட்டுக்கலாம்னு கம்முனு இருந்திருப்பீங்க."