காக்கிச் சட்டையைத் தொடாத வீடு

என் மாமனார் சிவதீட்சை பெற்றவர். திருமழிசைக்கு மேற்கே கழனிகளை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில் விடியலில் தொடங்கும் பூசை வெயில் ஏறும் வரை நடக்கும். அது முடியும் மட்டும் அவரையும், அவருக்குப் பூவும் நீரும் எடுத்துக் கொடுக்கும் என் கணவரையும் யாரும் தொடலாகாது. தொட்டுவிட்டால் கிணற்றடியில் தலைக்கு நீர் ஊற்றிக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்த ஒழுங்கை நான் வெறுத்தவள் அல்லள். பதிகங்களைப் பண்ணோடு ஓதிய வீட்டில் பிறந்து, அதைப் போன்ற இன்னொரு வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டதை என் பேறாக எண்ணியவள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. என் கணவர் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். ஒருநாள் எங்கள் பக்கத்துப் போலீஸ் டாணாவின் தலைமைக் காவலர் அவரைத் தேடி வந்தார். ஏட்டு என்றுதான் ஊரில் அவரைச் சொல்வோம். அடுத்த தெருவில் ஒரு வீட்டைச் சோதனை போட்டதாக எழுதிய மகஜரில் சாட்சியாகக் கையெழுத்து வேண்டும் என்றார். தாம் காணாத சோதனைக்குத் தாம் சாட்சியாக முடியாது என்று என் கணவர் பணிவாகவே மறுத்தார். ஏட்டு கோபப்படவில்லை. "சரி வாத்தியாரே, உன் கையெழுத்து பெரிய கையெழுத்து. பத்ரமா வெச்சிக்கோ" என்று சிரித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சில வாரங்களுக்குப் பிறகு பூந்தமல்லியில் ஒரு வியாபாரி வீட்டில் வெள்ளிச் சாமான்கள் களவு போயின. அதன் பேரில் ஏட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உடன் ஒரு காவலரும், சாட்சிகள் என்று அவரே அழைத்து வந்த இருவரும் இருந்தனர். பூசை பாதியில் இருந்தது.

என் தந்தையார் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். கோர்ட்டு நடப்புகளை வீட்டில் பேசுவார். சோதனை போட வருகிறவரின் சட்டைப்பையையும் மடியையும் வீட்டார் முதலில் சாட்சிகள் முன்னிலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கத் தவறிய வீட்டில் இல்லாத பொருளெல்லாம் கிடைக்கும் என்பார். அடுக்களைக் கதவருகே நின்று நான் இதை என் கணவரிடம் மெல்லச் சொன்னேன். ஈர வேட்டியோடு நின்ற அவர் ஏட்டிடம் அப்படியே கேட்டார்.

ஏட்டு உடனே இரு கைகளையும் உயர்த்தினார்.

"தாராளமா பாரு நைனா. உனுக்கு இல்லாத உரிமையா?" என்றவர், பூசையறைப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு சாமி, அப்பால என் மேல வருத்தப்படக் கூடாது. தூக்குல தொங்கின பொணத்த எறக்கி வெச்சிட்டு நேரா இங்கதான் வந்துகினு கீறேன். இன்னும் குளிக்கல."

என் கணவர் ஓரடி முன்னே வைத்தார்.

"தொடாத" என்றார் மாமனார், லிங்கத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுத்தவன்தான் பயப்படணும். அவங்க பாத்துட்டுப் போவட்டும்."

தந்தை சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல் இல்லை. என் கணவர் பின்வாங்கினார். என்னைப் போன்ற மருமகள் அந்நிய ஆடவர் முன் வருவது கூட வழக்கமில்லை. பிறகு எங்கே தொடுவது? உயர்த்திய கைகளை ஏட்டு இன்னும் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார், சாட்சிகள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல. அதன் பிறகு உள்ளே போனார். சாட்சிகள் முற்றத்திலேயே நின்று மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். சாமான் அறையில், நான் நாள்தோறும் கைவிட்டு எடுக்கும் புளிப் பானைக்குப் பின்னாலிருந்து, ஒரு வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தை ஏட்டு எடுத்து வந்தார். அதில் புளிக்கறை கூட இல்லை.

கோர்ட்டில் அவர் ஒரே ஓர் உண்மை சொன்னார். தம்மைச் சோதித்துக்கொள்ளும்படி கையை உயர்த்திக் காட்டியும் வீட்டார் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்றார். சாட்சிகள் இருவரும் அதை ஒப்புக்கொண்டனர். எங்கள் வக்கீலுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. என் கணவருக்கு ஆறு மாதக் கடுங்காவல். பள்ளி வேலையும் போயிற்று. அன்று எங்கள் பக்கத்து ஊர் எதிலும் யாரும் தூக்கிட்டுக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பாடு விசாரித்து அறிந்தோம்.

அந்த மாதங்களில் நான் பதிகம் ஓதுவதை நிறுத்தவில்லை. ஆண்டவனையே எதிரில் நிறுத்தி, 'எனக்கு இது ஏன், நீ செய்தது முறையோ' என்று உரிமையோடு வழக்காடிய அடியார்களின் வாக்கை நாங்கள் வைகறைதோறும் ஓதினோம். ஒரு காக்கிச் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பார்க்க மட்டும் எங்களால் ஆகவில்லை. சட்டம் எங்களுக்குக் கொடுத்திருந்ததை ஏட்டு பறிக்கவில்லை. இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். நாங்கள் எதைத் தொட மாட்டோம் என்பதை எங்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

தண்டனை முடிந்து என் கணவர் ஒரு காலைப்பொழுதில் நடந்தே வந்து சேர்ந்தார். தலை மழிக்கப்பட்டிருந்தது, உள்ளங்கை காய்த்திருந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மாமனார் நின்றிருந்தார், கையில் நீர் நிறைந்த குடத்தோடு. சிறையில் யார் யாரோடு உண்டு உறங்கினாரோ, தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் படி ஏறக் கூடாது என்பது அவர் முடிவு.

என் கணவர் அந்தக் குடத்தையே பார்த்தார்.

"அன்னிக்குத் தொட விட்டிருந்தீங்கன்னா, இந்த ஒரு கொடம் தண்ணியோட போயிருக்குமேப்பா."

மாமனார் மகனின் தலையில் குடத்தைச் சாய்த்தார். பிறகு, தம்மேல் நீர் தெறித்துவிட்டதால், தாமும் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.