இரண்டாம் முறை வந்த அம்மையை மறைத்தேன்

போன பங்குனியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என்னால் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாள். விபத்து இல்லை. நான் சொன்ன பொய்தான் காரணம். அவளையும் வயிற்றில் இருந்த குழந்தையையும் மாரியம்மன் காப்பாற்றிக் கொடுத்தாள். அதை அம்மனைக் கும்பிடுகிற உங்களிடம் சொல்ல வேண்டும். என் தப்பைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

என் பெயர் காசி. ஜவ்வாது மலையில் முப்பது வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. அங்கிருந்து செங்கத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன்.

அது புளி இறக்கும் சமயம். தினமும் வண்டி நிறைய ஆளும் மூட்டையும் இருக்கும். அந்த மாதம்தான் எங்கள் ஊரில் இன்னொருவரும் ஜீப் வாங்கியிருந்தார். நான் பத்து நாள் படுத்தால் என் ஆட்கள் எல்லாம் அவர் வண்டிக்குப் பழகிவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

ஒரு திங்கட்கிழமை உடம்பு கொதித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மணிக்கட்டுக்கு மேல் இரண்டு நீர்க்கொப்புளம், கழுத்தில் ஒன்று. பார்த்ததும் மனசுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு நாலு வயதிலேயே அம்மை வந்து போயிருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அன்றைக்கு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் சத்யா. எங்கள் தெருவில் இருக்கும் குமாரின் மனைவி, தலைப்பிள்ளைக்கு எட்டு மாதம். மாதாந்திர செக்கப்புக்குப் போனாள். முன்னால் குலுக்கல் குறைவு என்று நான்தான் அங்கே உட்காரச் சொன்னேன். கியர் மாற்றும்போது சட்டைக்கை ஏறிவிட்டது.

"இன்னாண்ணா கையில?" என்று கேட்டாள்.

"கம்பளிப்பூச்சி ஊர்ந்துடுச்சும்மா. புளி மூட்டையில இருந்துச்சு."

"எனக்கு அம்மை வந்ததே இல்லண்ணா. அதான் கேட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

புதன்கிழமை முகமெல்லாம் முத்து வாரிப் போட்டது. இனி மறைக்க வழியில்லை. என் மனைவி அலமேலு வாசலில் வேப்பிலை செருகினாள். இன்றைக்குத்தான் அம்மன் வந்தாள் என்று ஊருக்குச் சொன்னாள். நான் அவளிடம் சொன்னதும் அதுதான்.

காய்ச்சல் தணியாததால் வியாழக்கிழமை மலையில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவிடம், "ஒரு தடவ வந்தா மறுபடி வராதுன்னு சொல்றாங்களே மேடம்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் வராதுங்க. ரொம்ப அபூர்வமா சிலருக்கு ரெண்டாவது தடவையும் வரும். சின்ன வயசுல உங்களுக்கு வந்தது வேற ஏதாவது கொப்புளமாகூட இருந்திருக்கலாம். வந்துடுச்சுன்னு நம்பி இருந்துட்டீங்க," என்றார். பிறகு, "மாசமா இருக்கறவங்க யாராவது இந்த ரெண்டு மூணு நாள்ல உங்க பக்கத்துல இருந்தாங்களா? இருந்தா உடனே வரச் சொல்லணும்," என்றார்.

"இல்லீங்க மேடம்," என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பொய்க்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. சத்யாவின் பெயர் நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன்.

பதினோரு நாள் வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். தாயே, சத்யாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் வேண்டினேன். இப்போது யோசித்தால் அந்த வேண்டுதல் அவளுக்காக இல்லை. என் பொய் வெளியே வரக்கூடாது என்பதற்காக. அம்மனிடம் போய் என் திருட்டுக்குக் காவல் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முத்து எல்லாம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் ஏற்றினேன். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவள் என் உடம்பில் வந்து இறங்கியிருக்கும்போது அவளைக் கம்பளிப்பூச்சி என்று சொன்னவன் நான். கற்பூரம் அணைவதற்குள் எழுந்தேன். நேராகக் குமார் வீட்டுக்கு நடந்தேன்.

சத்யா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். குமார் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சத்யா முறத்தைக் கீழே வைத்தாள். கை வயிற்றுக்குப் போனது.

குமார் என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு, "இத்தினி நாளு இன்னா பண்ணினு இருந்த?" என்று கேட்டான்.

அன்றே மூன்று பேரும் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் நாட்களை எண்ணினார். "பத்து நாளுக்குள்ள வந்திருந்தா பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டிருக்கலாம். அது தாண்டிடுச்சு. ஒரே ஒரு கொப்புளம் தெரிஞ்சாலும் அன்னிக்கே மாத்திர ஆரம்பிக்கணும். ஒரு நாள்கூட தள்ளக்கூடாது," என்றார். இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டது. அந்த நாட்களை நான் வேப்பிலையில் படுத்துக் கழித்திருந்தேன்.

அதற்குப் பிறகு சத்யா காலையும் மாலையும் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டாவது நாள் காலை குமார் என் வாசலில் வந்து நின்றான். "நெத்தியில ஒண்ணு வந்துடுச்சு. வண்டிய எடு," என்றான். அந்த இன்னொரு ஜீப் சந்தைக்குப் போயிருந்தது.

செங்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினேன். அங்கே மாத்திரை கொடுத்து, திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சளி நெஞ்சில் இறங்கி அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குமார் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வேப்பமரம். யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். வெயிலில் அதன் முன்னால் மண்டியிட்டேன். "தாயே, என் பேர் கெடட்டும். ஊரைக் கூட்டி நானே சொல்றேன். அந்த ரெண்டு உசுரையும் வுட்டுடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றேன். அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள். முதல் தடவையாக அவளிடம் மறைக்காமல் பேசினேன்.

மறுநாள் மதியம் சத்யாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர், "முதல் கொப்புளம் வந்த அன்னிக்கே மாத்திர ஆரம்பிச்சதுதான் நல்லதாப் போச்சு," என்று குமாரிடம் சொன்னார். கோயிலில் இருந்து என்னை எழுப்பி அவர்கள் வீட்டுக்கு நடத்தியது யார் என்று எனக்குத் தெரியும். மருந்தும் அவள் கொடுத்தது, மருத்துவரும் அவள் அனுப்பியவர்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் ஊர் முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் என் வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். அலமேலு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. சத்யாவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. "உன் மேல கோவம் போய்டுச்சுண்ணா. ஆனா அத நெனச்சா இன்னும் மனசு ஆறல," என்றாள் ஒரு நாள். அவள் சொன்னது நியாயம். எனக்கும் ஆறவில்லை.

இப்போது உடம்பு சூடாக இருந்தால் வண்டியை எடுப்பதில்லை. அந்த இன்னொரு ஜீப்காரருக்கு நானே போன் செய்து ஆட்களை ஏற்றிப்போகச் சொல்கிறேன்.

உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். முன்னால் ஒரு தடவை வந்துவிட்டது என்று யாரும் அசட்டையாக இருக்காதீர்கள். எனக்கு வந்தது. முத்து தெரிந்த அந்த நேரமே வேப்பிலை செருகுங்கள். மாசமாக இருப்பவள் உங்கள் பக்கத்தில் வந்து போயிருந்தால் அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பிறகு அம்மனிடம் போங்கள். கையில் பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுக் கேளுங்கள். என்னைப் போன்றவன் கேட்டதற்கே அவள் கொடுத்திருக்கிறாள்.