ஐம்பது அடி

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும். அந்த விதியைப் பிரதேச சபையில் என் வேலைக்காலம் முழுவதும் மற்றவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எனக்காகக் கேட்க நேர்ந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

என் வளவுக் காணிக்குள்ளேயே குடியிருக்கும் இளைய மகளின் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. அவளுக்கு நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளையை எதில் குளிப்பாட்டுவது என்று தினமும் கேட்டாள். எனக்குச் சந்தேகம் பின்பக்கத்து மாடிவீட்டின் மேல். நான் ஆரையம்பதியில் இந்த வளவை வாங்கியபோது அந்த இடம் வட்டை, நெல் விளைந்தது. இப்போது மண் போட்டு நிரப்பி, வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. ஒழுங்கையில் எதிரே ஆட்டோ வந்தால், சைக்கிளில் போகிறவர் யாருடைய படலைக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். இத்தனை பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பதிவுத் தபாலில் சபைக்கு மனு அனுப்பினேன். சுகாதாரப் பரிசோதகருக்குப் பிரதி.

பரிசோதகர் அளவுநாடாவுடன் வந்தார். மாடிவீட்டுக் குழி எழுபது அடிக்கு அப்பால் இருந்தது. நாடாவைச் சுருட்டப் போனவர், பக்கத்தில் மூத்த மகளின் வீட்டைப் பார்த்தார். அவளுடைய குழி தங்கையின் கிணற்றிலிருந்து இருபத்தெட்டு அடி.

மூத்தவள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ர குழியக் காட்டிக் குடுக்கவா அப்பா பெட்டிசம் போட்டீங்க?”

“நான் பின்வீட்டுக்காரரப் பத்தித்தான் மகள் எழுதினன்.”

“அவங்க அவங்கட காணிக்கதானே இருக்காங்க. இந்த வளவ நிறைச்சது ஆரு? நாங்கதானே.”

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கல்யாணம். ஒரு வளவை இரண்டாக்கினேன், பிறகு மூன்றாக்கினேன். நொத்தாரிசிடம் மகள்மார் பெயரில் காணி உறுதி எழுதினேன். காணியைப் பிரிக்கச் சபையின் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாள் வைத்தாகிவிட்டது, வீட்டுக்குக் கூரை ஏறவில்லை. அனுமதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். இரண்டு தடவையும்.

மறுநாள் நானே நாடாவுடன் வளவு முழுக்க நடந்தேன். மூத்தவளின் குழியை எங்கே மாற்றினாலும் என் கிணறோ பின்வீட்டுக் கிணறோ ஐம்பது அடிக்குள் அகப்பட்டது. இரண்டு தடவை அளந்தும் வளவு பெருக்கவில்லை.

கடைசியில் பெண்கள் இருவரும் என்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். இளையவளின் கிணற்றை மண்ணிட்டு மூடி, என் கிணற்றில் மோட்டர் வைத்து அவள் வீட்டுக்கும் குழாய் இழுத்தார்கள். மூத்தவள் முன்பிருந்தே என் கிணற்றில்தான் அள்ளுகிறாள். பேரனை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம்.

பிறகு சபையின் பதில் வந்தது. பதிவேட்டின்படி காணி ஒன்று, வீடு ஒன்று, கிணறு ஒன்று; உரிமையாளர் மனுதாரரே; விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. எழுதிய லிகிதரில் பிழை இல்லை; காணியைப் பிரித்ததை நான் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. கிணற்றைப் பொறுத்தவரை அது இப்போது உண்மையும்கூட. நன்றி தெரிவித்து எழுதுவதா, மேன்முறையீடு செய்வதா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. கடிதம் கைக்குக் கிடைத்தது பேரனுக்குத் துடக்குக் கழித்த முப்பத்தோராம் நாளன்று, தைப்பொங்கலுக்கு மறுநாள்.